மலை வீடுகளுக்கு எந்தக் குளிர்சாதனப் பெட்டி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுச் சமையலறைக்குக் குளிர்சாதனப் பெட்டி தேர்ந்தெடுப்பது குறித்துத் தங்கள் நாளிதழின் இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கொள்ளளவு, நட்சத்திரக் குறியீடு, கதவுகளின் அமைப்பு ஆகியவற்றைத் தெளிவாக விளக்கியிருந்த அக்கட்டுரை, சமையலறையின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் 30 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும் ஊர்களை மனத்தில் கொண்டே எழுதப்பட்டிருந்தது. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையிலும், 2,100 மீட்டரைத் தாண்டிய கொடைக்கானலிலும் குடியிருப்பவர்கள் அதே அறிவுரையைப் பின்பற்றிப் பெட்டி வாங்கினால் பணமும் உணவும் வீணாகக்கூடும் என்பதால், மலைவாசிகளுக்காகச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

ஃப்ரீசருக்குத் தனிக் கதவு கொண்ட டபுள் டோர் பெட்டிகள் பலவற்றில், குளிரை உண்டாக்கும் கம்ப்ரசர் ஒன்றுதான். அது எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் தெர்மோஸ்டாட்டும் ஒன்றுதான். அந்தத் தெர்மோஸ்டாட் பாலும் தயிரும் வைக்கும் அறையின் குளிரை மட்டுமே அளக்கும்படி அமைந்துவிட்டால், மார்கழி, தை மாதங்களில் சிக்கல் தொடங்குகிறது. உதகையை ஒட்டிய தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும் அந்த நாள்களில், தகரக் கூரையோ ஓடோ வேய்ந்த வீடுகளின் சமையலறை இரவு முழுவதும் பெட்டிக்குள் இருக்க வேண்டிய குளிரை நெருங்கியே இருக்கும். பால் அறை தானாகவே குளிர்ந்திருப்பதால் கம்ப்ரசர் ஓட வேண்டிய தேவையே எழுவதில்லை. கம்ப்ரசர் ஓடாதபோது ஃப்ரீசருக்குக் குளிர் வந்துசேர வேறு வழி கிடையாது. மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டிய இறைச்சியும் மீனும் மெல்ல இளகி, பகலில் சமையலறை சூடேறியதும் மீண்டும் உறைகின்றன. பார்வைக்கு அவை கெட்டியாகவே இருக்கும். இதை அறியாதவர்கள் பெட்டி பழுதாகிவிட்டதென்று மெக்கானிக்கை அழைக்கிறார்கள். அவரும் கேஸ் குறைந்துவிட்டதென்று நிரப்பிவிட்டுப் போகிறார். இன்னும் சிலர், குளிர்காலம்தானே என்று குமிழைக் குறைந்த எண்ணுக்குத் திருப்பி, கம்ப்ரசர் ஓடும் சிறிது நேரத்தையும் இன்னும் சுருக்கிவிடுகிறார்கள்.

இதைத் தவிர்க்க உதவும் விவரம் ஒன்று பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. உட்புறச் சுவரிலோ பின்புறத்திலோ ஒட்டப்பட்டிருக்கும் விவரத் தகட்டிலும், உடன் வரும் கையேட்டிலும், எந்த வெப்பநிலையுள்ள அறையில் பெட்டி சரியாக இயங்கும் என்பதைக் காட்டும் 'காலநிலை வகுப்பு' ஆங்கில எழுத்துகளில் குறிக்கப்பட்டிருக்கும். எஸ்.என். (SN) என்பது 10 முதல் 32 டிகிரி வரையிலான அறைக்கு உரியது, என். (N) என்பது 16 முதல் 32 வரை, எஸ்.டி. (ST) 16 முதல் 38 வரை; டி. (T) 16 முதல் 43 வரை. கடைசி மூன்றில் எதுவுமே 16 டிகிரிக்குக் கீழே சரியாக இயங்கும் என்று உறுதியளிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எஸ்.என். முதல் டி. வரை என்று இரண்டு எல்லைகளையும் சேர்த்துக் குறித்த பெட்டிகளும் உண்டு. மலையில் வாங்க வேண்டியவை அவைதான். இந்த எழுத்துகளைப் பற்றிக் கடையில் கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. விற்பனையாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. சமவெளியில் யாரும் அவரிடம் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்து, நம் சமையலறைக்கு உண்மையில் எது தேவை என்று யோசிக்க வேண்டும். கேரட், பீட்ரூட், முட்டைகோஸ் ஆகியவை நம் ஊரிலேயே விளைபவை. ஆண்டின் பெரும்பகுதியில் காற்றோட்டமான கூடையில் வைத்தாலே பல நாள் தாங்கும். உருளைக்கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது நல்லதல்ல; அந்தக் குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால், வறுக்கும்போது இனிப்புத் தட்டிக் கருகும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு உலர்ந்த இடமே போதும். விருப்பாச்சி வாழைப்பழத்தை உள்ளே வைத்தால் தோல் கறுத்துவிடும். பழுக்காத பட்டர் ஃப்ரூட்டை வைத்தால் பழுப்பதே தடைபடும். இட்லி மாவோ, குளிர்காலத்தில் புளிப்பதற்கே நெடுநேரம் எடுத்துக்கொள்ளும் நிலையில், பெட்டிக்குள் வைக்க அவசரப்பட வேண்டியதில்லை. நமக்கு நம்பகமாக இருக்க வேண்டியது ஃப்ரீசர்தான். கடல் மீன் மலையேறித்தான் வர வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிந்து மலைப்பாதை அடைபட்டால், வாங்கி வைத்திருப்பதைக் கொண்டே சில நாள்களைக் கடத்த வேண்டியிருக்கும். அதனால் பெரிய காய்கறி அறைக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதை விட, ஃப்ரீசருக்கும் பால் வைக்கும் கீழறைக்கும் தனித்தனிச் சென்சாரும் தனித்தனிக் கட்டுப்பாடும் கொண்ட, 250 முதல் 300 லிட்டர் வரையிலான, பனிக்கட்டியைத் தானே உருக்கிக்கொள்ளும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ டபுள் டோர் பெட்டியே நான்கு பேர் கொண்ட மலைக் குடும்பத்துக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

பனிக்கட்டியை நாமே உருக்க வேண்டிய டைரக்ட் கூல் சிங்கிள் டோர் பெட்டியின் விலை குறைவு, பழுதும் குறைவு. பாலும் மருந்தும் மட்டுமே வைக்கும் முதிய தம்பதியருக்கு அது போதும். ஆனால் மாதக்கணக்கில் மூடுபனியும் சாரலுமாக இருக்கும் இடங்களில், கதவைத் திறக்கும்போதெல்லாம் ஈரக்காற்று உள்ளே புகுந்து பனிக்கட்டி படிந்துகொண்டே இருக்கும். அதை அடிக்கடி உருக்கியாக வேண்டும். மேலும், அதன் ஃப்ரீசர் கீழறையோடு ஒட்டிய சிறு பேழை என்பதால் இறைச்சியை நெடுநாள் வைக்க அதை நம்பக் கூடாது. ஃப்ரீசர் கீழே அமைந்த வகை, தினமும் குனிந்து எழ முடியாதவர்களுக்கு உதவும். ஃப்ரீசரும் மற்ற அறையும் பக்கம் பக்கமாக அமைந்த சைடு பை சைடு பெட்டிகள் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் அகலம் கொண்டவை. எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளின் வாசலும், படகர் ஊர்களான ஹட்டிகளின் படிக்கட்டுச் சந்துகளும் அவற்றுக்கு இடம் தராது.

எந்த வகையை வாங்கினாலும் அதைத் திறந்த வராந்தாவிலோ வெளித் திண்ணையை ஒட்டிய அறையிலோ வைக்கக் கூடாது. இடநெருக்கடியால் மலை வீடுகள் பலவற்றில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். காலநிலை வகுப்பு எதுவானாலும் 5 டிகிரி இரவில் அந்தப் பெட்டி சரியாக இயங்காது. அடுப்பின் சூடு நேரடியாகத் தாக்காத தொலைவில், ஆனால் அடுப்பு எரியும் அதே அறையில் வைப்பதே முறை. கதவைச் சுற்றியுள்ள ரப்பரில் ஈரத்தால் கரும்பூசணம் படியும். அதை அவ்வப்போது துடைத்து உலர வைக்க வேண்டும்.

மின்தடையையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய நாள்களில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் மின்சாரம் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. நிறைந்த ஃப்ரீசர் கதவு திறக்கப்படாமல் இருந்தால் சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைத் தாங்கும். கீழறையோ 4 மணி நேரம்தான். ஒரு சிறு டம்ளரில் தண்ணீரை உறையவைத்து, அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஃப்ரீசரிலேயே விட்டுவிட்டால், மின்சாரம் வந்தபின் நாணயம் அடியில் கிடப்பதைக் கொண்டு உள்ளிருந்தவை உருகி மீண்டும் உறைந்தன என்று அறியலாம். குளிர்கால இரவுகளில் பெட்டி ஓடாமலே நின்றிருக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்கவும் இதுவே எளிய வழி.

மத்திய அரசின் மின்சிக்கனச் செயலகத்தின் (BEE) நட்சத்திரக் குறியீடு ஃப்ராஸ்ட் ஃப்ரீ பெட்டிகளுக்கு 2010 முதல் கட்டாயமாக உள்ளது. அதன் பயனாக இன்று எல்லாரும் நட்சத்திரம் பார்த்து வாங்குகிறார்கள். அதுபோலவே காலநிலை வகுப்பையும் முன்பக்கத்தில், தமிழிலும் புரியும்படி அச்சிடுமாறு உற்பத்தியாளர்களைத் தாங்கள் வலியுறுத்த வேண்டும். தங்கள் நாளிதழ் அடுத்த முறை பெட்டிகளை ஒப்பிட்டு அட்டவணை வெளியிடும்போது, விலைக்கும் கொள்ளளவுக்கும் பக்கத்தில் காலநிலை வகுப்புக்கும், ஃப்ரீசருக்குத் தனிச் சென்சார் உண்டா என்பதற்கும் இரண்டு பத்திகளைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
உதகமண்டலம்