வெள்ளைக் கோடு தெரிந்தால் கலப்பை சுவரைத் தொட்டுவிட்டது: சோம் சமவெளி உழவர்களுக்கும் மேயர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வடபிரான்சின் சோம் மாவட்ட உழவர்களே, ஊர் மேயர்களே, வணக்கம்.

1960களிலிருந்து தொல்லியலாளர் ரொஜே அகாஷ் சிறு விமானத்தில் பறந்து, உங்கள் வயல்களுக்கு அடியில் கிடக்கும் காலோ-ரோமன் வில்லாக்களை, அதாவது ரோமானியர் ஆட்சிக்காலப் பண்ணை வளாகங்களை, நூற்றுக்கணக்கில் படமெடுத்தார். எஸ்த்ரே-சுர்-நோய், வார்ஃபுசே-அபாங்கூர் ஆகிய ஊர்களின் படங்களில் பண்ணையின் முழு அமைப்பும் விரிகிறது: ஒரு முனையில் உரிமையாளரின் மாளிகை, அதன் முன் நீண்ட முற்றம், முற்றத்தின் இருபுறமும் வரிசையாக வேலைக் கட்டடங்கள்.

வான்படங்களில், குளிர்காலத்து ஈர உழவின்மேல் சுவரின் தடமாகத் தெரியும் அந்த வெள்ளைக் கோடு எங்கிருந்து வருகிறது? அடித்தளத்தில் இட்டு இறுக்கிய சீமைச் சுண்ணக்கல்லைக் கலப்பை அரைத்து மேலே கொண்டுவருகிறது. படம் தெளிவாக விழுகிறதென்றால் சேதம் நடந்துகொண்டிருக்கிறது. கோடு ஆண்டுக்காண்டு அகன்று மங்கினால் அடித்தளமே தீர்ந்துவருகிறது என்று அஞ்ச வேண்டும்.

எப்போதும்போல 25 செ.மீ.தான் உழுகிறோம் என்பீர்கள். உண்மைதான். ஆனால் சரிவிலுள்ள வண்டல் மழையில் அரித்து இறங்குகிறது. மேல்மண் மெலிய மெலிய, அதே 25 செ.மீ. ஒவ்வோர் ஆண்டும் சுவரில் இன்னும் சற்று ஆழமாகக் கடிக்கிறது. இதைவிடக் கொடியது சர்க்கரை பீட். இலையுதிர்கால இறுதியில் ஈர நிலத்தில் அறுவடை இயந்திரம் ஓடி மண்ணை இறுக்குகிறது. அதைத் தளர்த்த 40, 50 செ.மீ. ஆழத்தில் உளிக்கலப்பை இறங்குகிறது. உழவு இத்தனை காலம் தொடாத வில்லாவின் தரையும் அதில் கிழிகிறது. உருளைக்கிழங்குக்கு முன் ஓட்டும் கல் பிரிக்கும் இயந்திரமோ சக்கிமுக்கிக் கல்லையும் ஓட்டுத் துண்டையும் அள்ளிச் சாலில் ஒதுக்குகிறது. எது எந்த அறையில் கிடந்தது என்பது அத்தோடு போயிற்று.

வில்லா இருக்கும் பகுதியையும் சுற்றிலும் 10 மீட்டரையும் டிராக்டரின் ஜி.பி.எஸ். வரைபடத்தில் குறித்துவையுங்கள். நிரந்தரப் புல்தரையாக விடுவதே சிறந்தது. முடியாவிட்டால் பீட்டும் உருளைக்கிழங்கும் அங்கே வேண்டாம்; உழவில்லாமல் கோதுமை விதையுங்கள், அல்லது 10 செ.மீ.க்கு மேல் கிளறாதீர்கள். உழவை நிறுத்தினால் மண் இறுகும், பிறகு உளிக்கலப்பையை இறக்கத் தோன்றும். ஆகவே வண்டி திரும்பும் இடத்தையும் பீட் குவியலையும் வேறு பக்கம் மாற்றுங்கள், டயர் காற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். மரமோ வேலிச்செடியோ நடாதீர்கள். வேர் கலப்பையைவிட ஆழம் போகும்.

உழுதபின் ஓட்டுத் துண்டுகளைப் பாருங்கள். முனை மழுங்கியிருந்தால் பழைய உடைவு. முனை கூராக, சுண்ணச் சாந்து ஒட்டியிருந்தால் சென்ற உழவில்தான் ஏதோ உடைந்திருக்கிறது. பொறுக்காதீர்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆழம் அறிய நீங்களே துளையிடவும் வேண்டாம். தொல்லியல் நோக்கில் தோண்ட அனுமதி தேவை; முதல் உலகப் போரின் 1916, 1918 குண்டுகளும் இந்த மண்ணில் இன்னும் இருக்கின்றன. பிராந்தியத் தொல்லியல் சேவையை அழையுங்கள்.

மேயர்களே, தற்செயலாக எது கிடைத்தாலும் உடனே உங்களிடம் தெரிவிக்க வேண்டும், நீங்கள் அதை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். உலோகம் கண்டறியும் கருவியோடு பழம்பொருள் தேடவும் அரசு அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் வயலில் திரிபவரைத் தடுத்து நிறுத்துங்கள்: அவர் பிடுங்கும் நாணயம்தான் பல வேளைகளில் அந்தத் தளத்தின் காலத்தைச் சொல்லக்கூடிய ஒரே சான்று.

குளிர்கால உழவு தொடங்குமுன் உங்கள் ஊரின் வான்படங்களைக் கேட்டு வாங்கி, நில வரைபடத்தின்மேல் பொருத்தி, ஒவ்வோர் உழவருக்கும் ஒரு படி கொடுங்கள்.