மருந்து தேடுவதற்கு முன், புரதத்தை நம்பலாமா என்று பார்

மட்டக்களப்பு

அன்பு மகள்,

கொரோனா வைரசின் மேக்-1, சிக்குன்குனியா வைரசின் மக்ரோடொமைன் என்ற ஒரே வகைப் புரதங்கள் இரண்டையும், மருந்து தேட உன் கையில் தந்திருக்கிறார்கள் என்று கேட்டு எனக்குச் சரியான சந்தோசம். 2006 கடைசியில் சிக்குன்குனியா இந்தப் பக்கம் பரவினபோது, காய்ச்சல் விட்டும் மூட்டு மடக்க ஏலாமல் மாதக்கணக்காய்க் கிடந்த சனம் இன்னும் ஊரில் இருக்கு. அந்த வைரசை நேராகத் தாக்கும் மருந்து இன்றைக்கும் இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்: மருந்தாகக்கூடிய மூலக்கூறுகளைச் சோதிக்க அவசரப்படாதே. முதலில் நம்பக்கூடிய புரதம் ஒன்று உன்னிடம் இருக்கவேணும்.

வைரசு உள்ளே வந்ததும் நம்முடைய கலம் இன்டர்பெரோன் என்ற எச்சரிக்கைப் புரதம் வழியாகப் பார்ப் என்ற நொதியங்களைக் கூட்டும். அவை கலத்தில் உள்ள என்ஏடி என்ற மூலக்கூறில் இருந்து ஏடிபி-ரைபோஸ் என்ற துண்டை எடுத்துப் புரதங்களில் ஒட்டிவிடும். வைரசின் மக்ரோடொமைன் அதைக் கழற்றி, கலத்தின் தற்காப்பைக் குலைக்கிறது; அதைத் தடுக்கும் மூலக்கூறைத்தான் நீ தேடப்போகிறாய். மேக்-1 சின்னப் புரதம், கிட்டத்தட்ட 170 அமினோ அமிலம். நடுவில் பீட்டாத் தாள், இரண்டு பக்கமும் அல்பாச் சுருள்கள், ஓரத்தில் ஏடிபி-ரைபோஸ் வந்து உட்காரும் ஒரு பிளவு. 22ஆம் இடத்து அஸ்பாட்டிக் அமிலம் ஏடிபி-ரைபோஸின் அடெனின் முனையைப் பிடிக்கும், 156ஆம் இடத்து பினைல்அலனின் பக்கத்தில் நிற்கும், 40ஆம் இடத்து அஸ்பரஜின் மற்ற முனையில் ரைபோஸைக் கழற்றும் வேலைக்கு வேணும். அந்த 40ஐ மாற்றின வைரசு எலிகளில் இன்டர்பெரோனைக் கூட்டி நோயைக் குறைத்தது என்று 2023இல் ஓர் ஆய்வு வந்தது. சிக்குன்குனியாவில் அதற்கு நிகரான இடம் 24. இரண்டுக்கும் அந்த இடத்தை மாற்றின விகாரப் புரதத்தை முதல் நாளே சேர்த்துச் செய். பிறகு செய்வோம் என்று விட்டால், கடைசியில் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

வளர்ப்பில் பெரிய சிக்கல் இல்லை. பிஎல்21 டிஈ3 என்ற ஈ.கோலை பக்டீரியாக் கலத்தில் இரவு வளர்த்த 10 மில்லிலீற்றரை ஒரு லீற்றர் ஊடகத்துக்கு விடு, கனமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மில்லிலீற்றருக்கு 50 மைக்ரோகிராம். இரண்டு லீற்றர்க் குடுவையில் 500 மில்லிலீற்றருக்கு மேல் ஊற்றாதே, காற்றுப் போதாது. 37 பாகையில் 600 நானோமீற்றர் ஒளியில் கலங்கல் அளவு 0.6 தொடக்கம் 0.8 வர, குடுவையை 18 பாகைக்கு நன்றாகக் குளிரவிட்டு, அதன் பிறகு புரத உற்பத்தியைத் தொடக்கிவிடும் ஐபிடிஜி 0.5 மில்லிமோலார் போட்டு இரவு முழுக்க ஆட்டு. சூடு இறங்க முதல் போட்டால் புரதம் சரியாக மடியாமல் கட்டியாகி, மையநீக்கத்தில் அடியில் போய்விடும்.

கலத்தை உடைக்கும் தாங்கற்கரைசல்: டிரிஸ் 50 மில்லிமோலார் பிஎச் 8, உப்பு 500, இமிடசோல் 20, கிளிசரோல் நூற்றுக்கு 5. ஒடுக்கிக்கு டீசெப் 1 மில்லிமோலார் போதும். டிடிடி என்ற மற்ற ஒடுக்கி கூடினால், புரதத்தின் ஹிஸ்டிடின் வாலைப் பிடிக்கும் நிக்கல் மணிகள் மண்ணிறமாகும்; உலோகங்களைப் பிடிக்கும் ஈடிடிஏ நிக்கலையே கழற்றிவிடும். புரத்தியேசுத் தடுப்பு வில்லை வாங்கும்போதும் ஈடிடிஏ இல்லாததா என்று பார். கலங்களை உடைக்க ஐசில் வைத்து 5 செக்கன் ஒலியலை, 10 செக்கன் ஓய்வு. நுரை எழும்பினால் உடனே நிறுத்து. தெளிந்ததை நிக்கல் மணிகளில் ஏற்றி, 30 மில்லிமோலார் இமிடசோலில் கழுவி 300இல் புரதத்தை இறக்கு. டெவ் என்ற வெட்டும் நொதியத்தால் அந்த வாலை வெட்டிவிட்டு, திரும்ப நிக்கலுக்குள்ளால் விட்டு, கடைசியில் அளவுப்படி பிரிக்கும் சுப்பர்டெக்ஸ் 75 நிரல்.

இங்கேதான் ஆட்கள் ஏமாறுகிறது. ஜெல்லில் 19 கிலோடால்டன் பக்கம் வடிவான ஒற்றைக் கோடு வரும், வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். 260, 280 நானோமீற்றர் ஒளியை அது உறிஞ்சும் அளவுகளின் விகிதத்தைப் பார் (260/280). சுத்தமான புரதம் 0.6 அளவில் நிற்கும். 1ஐத் தாண்டினால் நியூக்கிளிக் அமிலம் கூட வந்திருக்கு. சிக்குன்குனியாவின் மக்ரோடொமைன் ஆர்என்ஏ-யையும் பிடிக்கும், அதனால் அதில் இந்தத் தொல்லையைக் கூடுதலாக எதிர்பார். நியூக்கிளிக் அமிலத்தை வெட்டும் நியூக்கிளியேசு போட்டு, நிக்கல் மணிகளை 1 மோலார் உப்பில் ஒருதரம் கழுவு. பிளவுக்குள் ஏற்கனவே ஏதும் குந்தியிருந்தால் நீ போடும் ஏடிபி-ரைபோஸ் எங்கே போய் ஒட்டும்?

இன்னொன்று. மக்ரோடொமைன் என்ற சொல்லைத் தேடும்போது அதே பெயரில் ஈ.கோலையின் நிறமூர்த்த மக்ரோடொமைன்களும் வரும்: 46 இலட்சம் காரச்சோடி வளையத்தில் ஓரி, டேர், இடது, வலது என்ற நான்கு பெரும் பகுதிகள், டேரை மேட்பி என்ற புரதம் 23 இடங்களில் பிடித்து ஒழுங்குபடுத்துவது. உன் குடுவையில் வளரும் கலத்துக்குள்ளேயே நடக்கும் அழகான விசயம்தான், ஆறுதலாக வாசி. உன் புரதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

புரதம் ஏடிபி-ரைபோஸைப் பிடிக்குதா என்று பார்க்க வெப்ப உருகல் சோதனை மலிவு: பிடித்தால் புரதம் குலையக் கூடிய சூடு வேணும். 25 மைக்ரோலீற்றரில் புரதம் 5 மைக்ரோமோலார், குலைந்த புரதத்தில் ஒட்டி ஒளிரும் சைப்ரோ ஒரேஞ்ச் சாயம் 5 மடங்கு, ஏடிபி-ரைபோஸ் 1 மில்லிமோலார். 25இல் இருந்து 95 பாகை வரை நிமிடத்துக்கு ஒரு பாகை. ஏடிபி-ரைபோஸ் போட்ட குழியில் உருகுநிலை தெளிவாக மேலே போகவேணும். போகாவிட்டால் அந்தத் தொகுதிப் புரதத்தை எறி, இரக்கப்படாதே. தொடக்கத்திலேயே ஒளிர்வு உச்சத்தில் நின்றால் புரதம் குலைந்திருக்கு, அல்லது சோப்புத்தன்மையான ஏதோ கலந்திருக்கு. மூலக்கூறுகளைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ எல்லாக் குழியிலும் ஒரே அளவு. புரதம் இல்லாமல் மூலக்கூறு மட்டும் போட்ட குழியும் வை, சில மூலக்கூறுகள் தாங்களே ஒளிரும்.

பிடிப்பது வேறு, கழற்றுவது வேறு. கழற்றுவதைப் பார்க்கப் பார்ப்-10 தன்னிலேயே ஏடிபி-ரைபோஸ் ஒட்டிக்கொண்ட மாதிரியை எடுத்து, மேக்-1 சேர்த்து 0, 5, 15, 30, 60 நிமிடத்தில் நிறுத்து. மாதிரியை 95 பாகையில் கொதிக்க வைக்காதே மகள். மேக்-1 வெட்டுவது குளூட்டமிக், அஸ்பாட்டிக் அமிலங்களில் உள்ள எசுத்தர்ப் பிணைப்பு. அது சூட்டிலும் காரத்திலும் தானாகவே அறும். கொதித்த மாதிரியில் ஏடிபி-ரைபோஸின் சைகை மங்கிவிடும், உன் நொதியம்தான் வெட்டியது என்று நீ எழுதிவிடுவாய். சூடாக்காமல் எஸ்டிஎஸ் கரைசலோடு ஜெல்லில் ஏற்று. நொதியம் போடாத மாதிரியையும் அதே 60 நிமிடம் வைத்து ஓட்டு.

இது எல்லாம் ஒத்துவந்தால் மூலக்கூறுகளுக்குப் போ. தடுக்கிற ஒன்று கிடைத்தால், மனிதருடைய மக்ரோடொமைன் புரதங்களான மக்ரோ-டி1, மக்ரோ-டி2, டார்க்-1 மூன்றிலும் அன்றைக்கே சோதி. அவையும் இதே மடிப்பு, இதே பிளவு. நம்முடையதையும் சேர்த்து அடைக்கிற மூலக்கூறில் மாதக்கணக்காய் மினக்கெடாதே.

புரதத்தை 50 மைக்ரோலீற்றராகப் பிரித்து திரவ நைதரசனில் உறையவைத்து மைனஸ் 80இல் போடு. ஒருதரம் உருகினதைத் திரும்ப உறையவைக்காதே. முதல் ஜெல் படத்தை எனக்கு அனுப்பு, 260/280 எண்ணையும் சேர்த்து எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்
அம்மா