எந்த நாட்டு ராணுவ ரேஷன் சிறந்தது? நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் படி ஏறுகிறாய் என்று படித்ததும் பெரிய நிம்மதி. அடுத்த வருடம் மலையேற்றம் போகலாமா என்று கேட்டிருக்கிறாய். கட்டாயம் போவோம். ஆனால் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை முதுகில் மூட்டை தூக்காதே. இங்கே எல்லோரும் நலம். மகள் வேலைக்குச் சேர்ந்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். போனில் பேசினால் பாதி நேரம் சாப்பாட்டுப் பேச்சுதான்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். இத்தனை நாட்டு ராணுவ ரேஷனை, அதாவது களத்தில் வீரர்களுக்குக் கொடுக்கும் பொட்டல உணவைச் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறாயே, எது சிறந்தது, மலைக்கு எதை எடுத்துப் போகலாம் என்று கேட்டிருக்கிறாய். ருசி மட்டும்தான் கேள்வி என்றால் பிரெஞ்சு என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்துச் சாப்பிட்டுப் பார்த்ததில், எனக்கு வேறொரு அளவுகோல் முக்கியமாகிவிட்டது. களைத்துப்போன ஒருவன் இதை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவானா? உள்ளே எத்தனை கலோரி என்பது அட்டையிலேயே அச்சாகியிருக்கும். அதில் எவ்வளவு வயிற்றுக்குள் போனது என்பதை எந்த அட்டையும் சொல்லாது.

இதை அமெரிக்க ராணுவம் சோதித்தே பார்த்திருக்கிறது. 1981இல் அவர்கள் எம்.ஆர்.இ என்ற பொட்டல உணவுக்கு மாறினார்கள். சில வருடங்களுக்குள் ஒரு படைப்பிரிவுக்கு 34 நாள் வெறும் எம்.ஆர்.இ மட்டுமே கொடுத்துக் கவனித்தார்கள். தேவையான அளவு உணவு கையில் இருந்தது. ஆனாலும் சமைத்த உணவு கிடைத்த பிரிவைவிட அவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், எடையும் குறைந்தது. யாரும் பட்டினி போடவில்லை, அவர்களாகவேதான் மிச்சம் வைத்தார்கள். தொடர்ந்து 21 நாளுக்கு மேல் எம்.ஆர்.இ மட்டும் கொடுக்கக் கூடாது என்று அங்கே ஒரு வரம்பு இருப்பதை நினைத்துப் பார். உணவில் சத்து இருந்தாலும், அதே முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் நாக்கு மறுத்துவிடுகிறது.

இதற்கு முந்தைய கதை இன்னும் சுவாரசியமானது. 1937இல் கேப்டன் பால் லோகன் என்ற அமெரிக்க அதிகாரி, அவசரத்துக்கு ஒரு சாக்லேட் கட்டி செய்து தரும்படி ஹெர்ஷி நிறுவனத்திடம் கேட்டார். எடை 4 அவுன்ஸ், அதாவது சுமார் 113 கிராம். வெயிலில் உருகக் கூடாது, நிறைய கலோரி இருக்க வேண்டும். அதோடு ருசி அவித்த உருளைக்கிழங்கைவிடக் கொஞ்சம்தான் மேலாக இருக்க வேண்டும் என்றார். ருசியாக இருந்தால் அவசரம் வருவதற்கு முன்பே வீரர்கள் தின்று தீர்த்துவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. அதுதான் டி ரேஷன். ஒரு கட்டியில் 600 கலோரி. கல் மாதிரி கடினம், கசப்பு வேறு. போர்க்களத்தில் பலர் அதைத் தூக்கி எறிந்தார்கள், அல்லது விவரம் தெரியாதவர்களிடம் மாற்றிக்கொண்டார்கள். லோகனின் நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் தூக்கி எறிந்த கட்டியில் இருந்த 600 கலோரி யாருக்குப் பயன்பட்டது?

கே ரேஷனுக்கு நேர்ந்ததும் வேறு விதமான துயரம். இரண்டாம் உலகப் போரின்போது ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் அதை வடிவமைத்தார். காலை, மதியம், இரவு என்று மூன்று சின்ன அட்டைப்பெட்டிகள், சட்டைப்பையில் அடங்கும். சில நாள் மட்டும் சாப்பிட என்று செய்தது அது. போரின் நெருக்கடியில் வாரக்கணக்கில் அதையே கொடுத்தார்கள். கொஞ்ச நாளுக்கு என்று அளந்து செய்த உணவில் நெடுங்காலம் உழைக்கச் சொன்னால் உடம்பு எப்படித் தாங்கும்? இது சமையல்காரரின் குற்றம் இல்லை, ரேஷனை அனுப்பியவர்கள் போட்ட திட்டத்தின் குற்றம்.

இப்போது பிரெஞ்சுப் பெட்டிக்கு வருவோம். ஒரு நாள் முழுவதற்கும் ஒரே அட்டைப்பெட்டி, சுமார் 3200 கலோரி, 14 வகை. உள்ளே டின்னில் அடைத்த இரண்டு முழுச் சாப்பாடு, பாத்தே என்ற இறைச்சி விழுது, பிஸ்கட், சாக்லேட், மிட்டாய், காபி. வாத்து இறைச்சியும் பீன்ஸும் போட்டு வேகவைத்த கசூலேகூடச் சில பெட்டிகளில் உண்டு. கூடவே மடிக்கும் தகர அடுப்பு, எரிபொருள் வில்லை, தீக்குச்சி. ஆப்கானிஸ்தானில் பல நாட்டுப் படைகள் ஒன்றாக இருந்த முகாம்களில், ஒரு பிரெஞ்சுப் பெட்டிக்குப் பல எம்.ஆர்.இ கொடுத்து மாற்றிக்கொள்வார்கள் என்று பேச்சு. சாப்பிட்டுப் பார்த்தபின் அதை நம்புகிறேன்.

ஆனால் அந்தப் பெட்டிக்கு நேரம் வேண்டும். காற்றுப் படாத இடம் தேடி, அடுப்பை விரித்து, வில்லையைக் கொளுத்தி, டின் சூடாகும்வரை உட்கார வேண்டும். டின் என்பதால் கனமும் அதிகம். படைவீரன் நாளில் ஒருமுறையாவது உட்கார்ந்து சாப்பிடுவான், சாப்பிட வேண்டும் என்று பிரெஞ்சு ராணுவம் நினைக்கிறது. அமெரிக்க ராணுவத்தின் நினைப்பு வேறு. ஒரு வேளைக்கு ஒரு பை, சராசரி 1250 கலோரி. அடுப்பு கிடையாது, நெருப்பும் கிடையாது. வண்டியில் போகும்போதும் சாப்பிடலாம், பதுங்கு குழியிலும் சாப்பிடலாம். எதிரி கண்ணில் வெளிச்சம் படாது.

எம்.ஆர்.இயோடு வரும், உணவைச் சூடாக்கும் பையைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும், நீ வேதியியல் படித்தவன். மெக்னீசியத்தூளோடு கொஞ்சம் இரும்பும் உப்பும் கலந்த ஒரு தட்டையான அட்டை அதற்குள் இருக்கிறது. கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றினால் மெக்னீசியம் தண்ணீரோடு சேர்ந்து வினைபுரிகிறது, கொதிக்கும் அளவுக்குச் சூடு வருகிறது. உணவுப் பையை அதற்குள் செருகி, இரண்டையும் உணவு வந்த அட்டைப்பெட்டிக்குள் வைத்து, ஒரு கல்மேல் சாய்த்துவிட வேண்டியதுதான். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தயார். வெளிவருவது ஹைட்ரஜன் வாயு. அதனால் மூடிய கூடாரத்துக்குள்ளோ தீக்குப் பக்கத்திலோ இதைச் செய்யவே கூடாது. மலையில் நீ கூடாரத்தில் படுத்தபடி சூடாக்கப் பார்ப்பாய் என்பதால் இப்போதே சொல்கிறேன்.

எம்.ஆர்.இயின் முக்கிய உணவு எனக்கு அவ்வளவு பிடிப்பதில்லை. மாட்டிறைச்சி ஸ்டூ பரவாயில்லை, பீன்ஸ் போட்ட சில்லி நன்றாக இருக்கும். மற்றவை எல்லாம் ஏறக்குறைய ஒரே பதம்தான். பையில் அடைத்தபின் 120 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றிக் கிருமி நீக்குகிறார்கள். காயும் இறைச்சியும் குழைந்துபோகாமல் வேறு என்ன செய்யும்? ஆனால் ஓரத்தில் இருக்கும் சின்ன சமாச்சாரங்கள் அருமை. கடலை வெண்ணெய், மிளகாய் சேர்த்த சீஸ், பிஸ்கட், கேக். அந்த மிளகாய் சீஸை எந்த உணவில் பிழிந்தாலும் அதன் ருசி தூக்கலாகிவிடுகிறது. வீரர்களும் அதைத்தான் பண்டமாற்றுக்கு வைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்கர்களைப் பாராட்ட வேண்டிய இன்னொன்றும் உண்டு. சாப்பிடுகிறவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிறார்கள். 12 வகையில் தொடங்கியது இன்று 24. பிடிக்காதவை பட்டியலிலிருந்து போய்விடும். காய்கறி ஆம்லெட் ஒன்று அப்படித்தான் சில வருடப் புகார்களுக்குப் பிறகு காணாமல் போனது.

பீட்சா வந்த கதையைக் கேள். எம்.ஆர்.இ வந்த காலத்திலிருந்தே வீரர்கள் அதைக் கேட்டார்கள். பீட்சாவில் ரொட்டி, தக்காளிக் குழம்பு, சீஸ் மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று இருக்கிறது. குழம்பின் ஈரம் ரொட்டிக்குள் இறங்கினால் பூஞ்சை, கிருமி, சொதசொதப்பு. ஈரத்தைப் பிடித்து வைக்கும் பொருள் சேர்த்து, அமிலத்தன்மையைச் சரிக்கட்டி, பைக்குள் ஆக்சிஜனை உறிஞ்சும் சிறு பொட்டலம் வைத்து, கடைசியில் 2018இல்தான் படைகளுக்குக் கொடுத்தார்கள். 27 டிகிரி வெப்பத்தில் மூன்று வருடம் கெடாது. சூடாக்காமல் சாப்பிட்டேன். சுமாரான பீட்சாதான், ஆனால் ஒரு துணுக்கும் மிச்சம் வைக்கவில்லை. என் அளவுகோல்படி அது நல்ல ரேஷன்.

பிரிட்டிஷ் பெட்டியில் ஒரு நாளைக்கு 4000 கலோரி. டீப் பைகள் தாராளம். குளிரில் நடந்து வந்தவனுக்குச் சூடான, இனிப்பான டீ என்ன செய்யும் என்று தெரிந்தவர்கள் கட்டிய பெட்டி அது. இத்தாலியப் பெட்டியில் மூன்று வேளைக்கும் தனித்தனிப் பிரிவு, பாஸ்தாவும் பீன்ஸும் கலந்த சூப், பொடி கப்புசீனோ, பல் துலக்கக் குச்சி பிரஷ், நாற்பது சதவீத ஆல்கஹால் உள்ள கோர்தியாலே என்ற மது ஒரு வாய். ஜெர்மன் பெட்டியில் ஈரல் விழுதும் அடர்ந்த ரொட்டியும் உண்டு. எனக்கு அது மிகவும் பிடித்தது, உனக்கு ஈரல் வாசனை ஆகாது என்பதால் நீட்டி எழுதவில்லை. ஆஸ்திரேலியர்கள் ட்யூபில் அடைத்த கெட்டிப் பால் வைக்கிறார்கள். அதை நேராக வாயில் பிழிந்துகொண்டு நடக்கலாம், நடக்கிறவனுக்கு அதைவிட வசதி இல்லை. ஜப்பானியர்கள் நெடுங்காலம் சோற்றையே டின்னில் அடைத்தார்கள். கொதிநீரில் நீண்ட நேரம் போட்டால்தான் அது இளகும். தண்ணீரும் எரிபொருளும் தட்டுப்பாடான இடத்தில் அது பெரிய தொல்லை. பிறகு பைக்கு மாறினார்கள், நல்லதே செய்தார்கள்.

மலைக்கு எடுத்துப் போக என்றால் நான் நார்வேகாரர்களின் உலர் உணவைச் சொல்வேன். உறையவைத்து ஈரத்தை உறிஞ்சி எடுத்தது. எடையே தெரியாது, கொதிநீர் ஊற்றினால் தன் வடிவத்துக்குத் திரும்பிவிடும், காய் காயாகவே இருக்கும். தண்ணீர் மட்டும் நிச்சயம் வேண்டும். ஓடை உள்ள பாதையில் அது முதல் தேர்வு. வறண்ட பாதை என்றால் ஈரத்தோடு அடைத்த பைதான், கனத்தைச் சுமக்கத்தான் வேண்டும்.

உனக்குத் தெரிந்த ஒருவர் பழைய எம்.ஆர்.இ பெட்டிகளைக் கொடுக்கிறேன் என்றாராமே, வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். 38 டிகிரி வெயிலில் கிடந்தால் அதன் ஆயுள் ஆறே மாதம். பெட்டிமேல் வட்டமான ஒட்டுத்தாள் ஒன்று இருக்கும். நடுவட்டம் வெளிவட்டத்தைவிடக் கறுத்திருந்தால் சாப்பிடக் கூடாது என்று பொருள். பையோ டின்னோ உப்பியிருந்தால் திறக்கவே திறக்காதே. கெட்ட டின் உணவால் வரும் போட்டுலிசம் என்ற ஆபத்தான நோயை உண்டாக்கும் நஞ்சுக்கு வாசனையும் தெரியாது, ருசியும் தெரியாது. மிகப் பழைய டின்களைத் தேடித் திறந்து சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த ஆர்வம் கிடையாது, பழையவற்றின் வரலாற்றைப் படித்தால் போதும்.

இன்னொரு விஷயம் மனதிலேயே நிற்கிறது. போரில் சிக்கிய பொதுமக்களுக்கு விமானத்திலிருந்து போடுவதற்கென்று அமெரிக்கா தனியாக ஒரு பொட்டலம் செய்தது. எந்த மதத்தவரும் சாப்பிடும்படி இறைச்சி இல்லாமல், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2200 கலோரி. 1993இல் பாஸ்னியாவில் முதலில் போட்டார்கள். 2001இல் ஆப்கானிஸ்தானில் போட்டபோது பொட்டலம் மஞ்சள் நிறம். அதே நாட்டில் விழுந்த கொத்துக் குண்டுகளின் வெடிக்காத சிறுகுண்டுகளும் மஞ்சள். சாப்பாடு என்று நினைத்து ஒரு குழந்தை எதைத் தூக்கும்? வானொலியில் எச்சரிக்கை சொன்னார்கள், பிறகு பொட்டலத்தின் நிறத்தையும் மாற்றினார்கள். பசித்தவன் கைக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பதையும் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

உனக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். ஒரு பிரிட்டிஷ் பெட்டி, ஒரு இத்தாலியப் பெட்டி, இரண்டு நார்வே பொட்டலம். மேசையில் எல்லாவற்றையும் பரப்பி ஒவ்வொரு ஸ்பூனாக ருசி பார்க்காதே. அப்படிப் பார்த்தால் எதுவுமே தெரியாது. ஒரு நாள் முழுக்க ஒரே பெட்டியைச் சாப்பிடு, ஒரு வேளையாவது சூடாக்காமல் சாப்பிடு, மாலை நடை முடிந்து களைப்போடு வந்ததும் சாப்பிடு. எதை மிச்சம் வைத்தாய் என்பதை மட்டும் குறித்து எனக்கு எழுது. அதை வைத்து மலைக்கு எத்தனை பொட்டலம், எந்த வகை என்று முடிவு செய்யலாம். வலி மாத்திரை நிறுத்தும்வரை அந்த இத்தாலிய மதுவைத் தொடாதே.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரவி