கூடத்துச் சாவியைக் கையில் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு

அமெரிக்கத் தேவாலயக் கூடங்களையும் ஊர் மன்றங்களையும் நிர்வகிக்கும் பெரியவர்களுக்கு வணக்கம்.

ஹார்ட்கோர் பங்க் என்ற வேகமும் இரைச்சலும் மிகுந்த ராக் இசைக் கச்சேரிக்கு இடம் கேட்டு வரும் பிள்ளைகளை, நம் பண்பாட்டுக்கு ஒத்துவராது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். உழைப்பு, சிக்கனம், சொந்தக் காலில் நிற்பது. நீங்கள் காக்க நினைப்பவை இவைதானே? இந்த இசைக்காரர்களிடமும் அவைதான் இருக்கின்றன.

1980-ல் வாஷிங்டனில் டீன் ஐடில்ஸ் என்ற சின்னப் பையன்களின் குழு கலைந்தது. கச்சேரிகளில் வந்த காசை அவர்கள் பங்கு போட்டுக்கொள்ளவில்லை. சேர்த்து வைத்திருந்த சுமார் 600 டாலரில் தங்கள் பாட்டுகளை இசைத்தட்டாகப் போட்டார்கள். உறைக்கு என்ன செய்வது? வேறொரு இசைத்தட்டின் உறையைப் பிரித்து அளவெடுத்து, கத்தரிக்கோலால் வெட்டி, மடித்து, பசை தடவி, ஒவ்வொன்றாகத் தாங்களே ஒட்டினார்கள். டிஸ்கார்ட் என்ற இசைத்தட்டு நிறுவனம் அப்படித்தான் பிறந்தது.

மது விற்கும் இடங்களில் வயது குறைந்தவர்களை உள்ளே விடமாட்டார்கள். அதனால் இந்தப் பையன்கள் புறங்கையில் கறுப்பு மையால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டார்கள்: எங்களுக்கு ஊற்றாதீர்கள், பாட்டு கேட்க விட்டால் போதும். அப்புறம் அதுவே குடிக்காதவர்களின் அடையாளமாகிவிட்டது. 1981-ல் மைனர் த்ரெட் குழு பாடிய, ஒரு நிமிடம்கூட ஓடாத 'ஸ்ட்ரெயிட் எட்ஜ்' பாட்டு, குடி இல்லாத அந்த வாழ்க்கைக்கே பெயர் தந்தது. அதே ஊரின் கறுப்பின இளைஞர்களான பேட் பிரெய்ன்ஸ் குழுவினர், நம்பிக்கையோடு இருக்கும் மனப்பாங்கு என்ற தாரக மந்திரத்தை நெப்போலியன் ஹில் 1937-ல் எழுதிய முன்னேற்ற நூலிலிருந்துதான் எடுத்தார்கள். உங்கள் தாத்தா வீட்டு அலமாரியிலும் அந்தப் புத்தகம் இருந்திருக்கலாம்.

இந்தக் கச்சேரிகளில் அடிதடி நடந்ததே என்பீர்கள். நடந்தது, மறுக்கவில்லை. அதை எதிர்த்து நின்றவர்களும் இவர்களே. அதே வாஷிங்டனின் ஃபுகாஸி குழு நுழைவுக் கட்டணத்தை 5 டாலர் அளவிலேயே வைத்திருந்தது. எந்த வயதினரும் வர முடிந்தது. கூட்டத்தில் யாராவது அடுத்தவரை அடித்தால் பாட்டை நிறுத்துவார்கள். அடித்தவர் கையில் 5 டாலர் வைத்த உறையைக் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டுத்தான் தொடர்வார்கள். காசு விஷயத்தில் இவ்வளவு நேர்மையை நான் வேறு எந்த மேடையிலும் பார்த்ததில்லை.

அவர்கள் அரசை எதிர்த்துக் கத்துகிறார்கள், சரி. கத்தட்டும்.

ஒரு சனிக்கிழமை மாலை மட்டும் கூடத்தைக் கொடுங்கள். மது வேண்டாம், வயது வரம்பும் வேண்டாம். வாடகையைக் குறைவாக வையுங்கள். நாற்காலிகளை அடுக்கி, தரையைக் கூட்டிவிட்டுச் சாவியைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு பங்க் ரசிகர்