வால்மீனின் உட்கருவில் நெருப்பில் பிறந்த துகள்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வெளியான வால்மீன்கள் பற்றிய கட்டுரை, அவற்றின் உட்கருவைப் பனிக்கட்டி என்று சொல்லி நிறுத்திக்கொண்டது வருத்தம் தந்தது. பனியும் தூசும் கலந்து இறுகிய திரள் என 1950இல் வானியலாளர் ஃபிரெட் விப்பிள் கூறிய கருத்து இன்றும் அடிப்படையில் நிற்கிறது. நீர்ப்பனியுடன் உறைந்த கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, சிறிதளவு அம்மோனியா, மெத்தேன் ஆகியனவும் அதில் உள்ளன; சூரியனை நெருங்கும்போது இவை உருகாமல் நேரே ஆவியாகி, தூசையும் இழுத்துக்கொண்டு வெளியேறுவதால்தான் தலையும் வாலும் தோன்றுகின்றன. ஆயினும் 1986இல் ஹாலி வால்மீனை அணுகிய ஜியோட்டோ விண்கலம் படமெடுத்த உட்கரு, தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டையே திருப்பி அனுப்பும் அளவுக்கு, நிலக்கரியினும் கருமையாக இருந்தது. கரிமச் சேர்மங்கள் செறிந்த தூசு மேற்பரப்பை மூடியிருப்பதே அதற்குக் காரணம்.

அந்தத் தூசைப் பற்றித்தான் கட்டுரை விரிவாகப் பேசியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஸ்டார்டஸ்ட் விண்கலம் 2004 ஜனவரியில் வில்ட் 2 வால்மீனின் தலைப்பகுதிக்குள் புகுந்து, ஏரோஜெல் என்னும் மிக இலேசான பொருளில் துகள்களைச் சிக்கவைத்து, 2006 ஜனவரியில் பூமியில் சேர்த்தது. நெப்டியூனுக்கு அப்பால் கடுங்குளிரில் திரண்டதாகக் கருதப்படும் அவ்வால்மீனின் துகள்களிடையே, ஆலிவின் என்னும் கனிமத்தின் படிகங்களும், 1000 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் மட்டுமே உருவாகக்கூடிய, கால்சியமும் அலுமினியமும் மிகுந்த துணுக்குகளும் காணப்பட்டன. இளஞ்சூரியனின் அருகில் வெந்து உருவான பொருள், கோள்கள் திரளும் முன்பே சூரியக் குடும்பத்தின் விளிம்புவரை சென்று பனியோடு கலந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேறென்ன வேண்டும்! அதே மாதிரிகளில் கிளைசின் என்னும் அமினோ அமிலம் இருப்பதும் 2009இல் அறிவிக்கப்பட்டது.

நமது கடல்நீர் வால்மீன்களிலிருந்தே வந்தது என்று கட்டுரை அறுதியிட்டுக் கூறுவதும் ஏற்கத்தக்கதன்று. நீர் எங்கிருந்து வந்தது என்பதற்கு அடையாளமாகக் கொள்ளப்படுவது, அதில் சாதாரண ஹைட்ரஜனுக்கு எதிராகக் கனஹைட்ரஜன் (டியூட்டீரியம்) இருக்கும் விகிதம். ஹார்ட்லி 2 வால்மீனின் நீரில் இவ்விகிதம் கடல்நீரை ஒத்திருப்பதாக 2011இல் தெரியவந்தது உண்மையே. ஆனால் 2014இல் ரோசெட்டா விண்கலம் சுரியுமோவ்-கெராசிமென்கோ வால்மீனில் அளந்தபோது அவ்விகிதம் கடல்நீரில் உள்ளதைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகமாக இருந்தது. வால்மீனுக்கு வால்மீன் நீர் வேறுபடும்போது, எல்லாவற்றுக்கும் ஒரே முடிவைச் சொல்ல இயலாது.

மாணவர்கள் பலர் படிக்கும் இதழாதலால், கடல்நீர் பற்றிய வரிக்கு ஒரு திருத்தமும், வில்ட் 2 துகள்களைக் குறித்துத் தனிக் கட்டுரையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்