காயலான் கடைக்குப் போக வேண்டிய வண்டி இல்லை, அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே இங்கிலாந்தில் நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா?

போன ஞாயிறு போனில் வண்டி விஷயத்தைச் சொன்னதும், "ஐம்பது வருஷத்து வண்டியா? காயலான் கடைக்குப் போக வேண்டியதை எதுக்கும்மா வாங்கினே?" என்று கேட்டீர்கள். அப்புறம் அம்மா போனை வாங்கிக்கொண்டார். நான் சொல்ல நினைத்தது பாதியிலேயே நின்றுவிட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. இத்தனை நாள் உங்களிடம் சொல்லாதது தப்புதான். அது ஒழுங்காக ஓட ஆரம்பித்த பிறகு சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். இப்போது ஓடுகிறது.

வண்டி 1972ஆம் வருஷத்து எம்.ஜி.பி. இரண்டு பேர் உட்காரும் திறந்த கார். மழை வந்தால் துணிக் கூரையை இழுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். நம்பர் பலகையின் கடைசியில் 'எல்' என்று ஓர் எழுத்து இருக்கிறது. 1972 ஆகஸ்டுக்கும் 1973 ஜூலைக்கும் நடுவே பதிவானது என்று அதற்கு அர்த்தம். ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே ஆபிங்டன் என்ற சின்ன ஊரில் இதைச் செய்தார்கள். 1962இல் ஆரம்பித்து 1980இல் ஆலையை மூடும் வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி கப்பலேறி அமெரிக்காவுக்குப் போய்விட்டது.

விற்றவர் வண்டியோடு ஒரு பழைய பிஸ்கட் டப்பாவையும் கொடுத்தார். உள்ளே கட்டுக் கட்டாகக் காகிதம். நீங்கள் எஃப்.சி. காட்டப் போவீர்களே, அதுபோல இங்கே வருஷம் ஒருமுறை எம்.ஓ.டி. என்று ஒரு சோதனை. ஒவ்வொரு சான்றிதழிலும் அன்றைக்கு மீட்டர் காட்டிய மைலைக் குறிப்பார்கள். அன்றிரவு தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வருஷ வரிசையில் அடுக்கினேன். 1987இல் 96,412. அடுத்த வருஷம் 99,030. அதற்கடுத்த வருஷம் 1,875. மீட்டரில் ஐந்து எண்களுக்குத்தான் இடம். 99,999 தாண்டியதும் பூஜ்யத்திலிருந்து மறுபடியும் ஓட ஆரம்பித்திருக்கிறது. ஆகவே மீட்டர் 47,000 என்று காட்டினாலும் வண்டி ஓடியது 1,47,000 மைல். நம் கணக்கில் 2,36,000 கிலோமீட்டருக்கும் மேல். இதைப் பார்த்து நான் பயப்படவில்லை. இத்தனை தூரம் ஓடிய வண்டியை இத்தனை வருஷமும் யாரோ ஒருவர் கவனித்து வந்திருக்கிறார் என்றுதான் தோன்றியது. நின்று நின்று துருப்பிடித்த வண்டியைவிட ஓடி ஓடித் தேய்ந்த வண்டி நல்லது என்று நீங்கள்தான் சொல்வீர்கள்.

நான் ஏன் இதை வாங்கினேன் என்பது அடுத்தது. பார்க்கப் போன அன்று அவர் பானட்டைத் திறந்தார். திறந்ததும் நான் பார்த்தது நம் அம்பாசிடர் எஞ்சினை. நிஜமாகத்தான் சொல்கிறேன் அப்பா. அம்பாசிடர் என்பது இங்கே ஓடிய மோரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாவது மாடல். அதில் போட்ட பி சீரிஸ் எஞ்சின்தான் கொஞ்சம் பெரிதாகி எம்.ஜி.பி.யில் இருக்கிறது. உங்களுடையது 1489 சி.சி., இது 1798 சி.சி. ஒரே குடும்பம். ஒரு பக்கம் கார்புரேட்டரும் மேனிஃபோல்டும், எதிர்ப்பக்கம் டிஸ்ட்ரிபியூட்டர், மேலே டேப்பட் கவரைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்பாசிடருக்குப் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பேனே, அதே காட்சி. அவர் ஸ்டார்ட் செய்தார். அந்த டேப்பட் சத்தம் கேட்டதும் தொண்டை அடைத்துக்கொண்டது. பேரம்கூட ஒழுங்காகப் பேசவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். இந்த ஊர்க் குளிரைப் பற்றி எழுதியிருக்கிறேன். அது வண்டிக்குச் செய்வதை எழுதவில்லை. ரோட்டில் பனி உறையாமலிருக்கக் கல் உப்பை வாரி இறைக்கிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் வண்டிக்கு அடியில் புகுந்து இரும்பைத் தின்கிறது. அதனால் நவம்பரிலிருந்து மார்ச் வரை வண்டியை வெளியே எடுப்பதில்லை. பிரிப்பது, வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் அந்த மாதங்களில்தான். சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும். வேலை முடிந்து வந்து ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கராஜுக்குள் போனால் ஒன்பது மணி வரை நேரம் போவது தெரியாது. வந்த புதிதில் அந்த இருட்டு என்னை ரொம்பவே அழுத்தியது. இப்போது நவம்பருக்காகக் காத்திருக்கிறேன்.

முதல் குளிரில் கதவுக்குக் கீழே இருக்கும் படிப் பகுதியைத் தொட்டேன். இங்கே அதை சில் என்பார்கள். இந்த வண்டிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, பாடியே சேசிஸ். கூரையும் இல்லாததால் முன் பாதியையும் பின் பாதியையும் சேர்த்துப் பிடிப்பதில் பெரும்பங்கு இந்த இரண்டு சில்களுக்குத்தான். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று, நடுவில் செங்குத்தாக ஒன்று, அடியில் ஒன்று என்று நாலு தகடுகள் சேர்ந்தது ஒரு சில். வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தது. கட்டை விரலால் அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. கிளறிப் பார்த்தால் பட்டி. பட்டிக்குப் பின்னால் கசக்கிய செய்தித்தாள். அதற்கும் பின்னால் பொடிப்பொடியாகத் துரு. எப்போதோ யாரோ செய்த வேலை. எனக்குக் கோபம் வந்தது. மழைத் தண்ணீர் அந்தத் தாளில் ஊறி ஊறியே மீதி இரும்பையும் அரித்திருக்கிறது.

ஒரு கல்லூரியில் சாயங்கால வகுப்பில் சேர்ந்து மிக் வெல்டிங் கற்றுக்கொண்டேன். கைக்குப் பழக்கம் வரும் வரை இரண்டு மாதம் வெறும் தகரத் துண்டுகளில்தான் பழகினேன். அதன் பிறகுதான் வண்டியைத் தொட்டேன். சில்லை வெட்டுவதற்கு முன்னால் வண்டியை நாலு பக்கமும் சமமாக முட்டுக் கொடுத்து நிறுத்தி, கதவு வாசலில் குறுக்கே ஓர் இரும்புக் குழாயை ஒட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் வெட்டிய மறு நிமிஷம் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். புதுச் சில் போட்டபின் கதவு மூடவே மூடாது. கதவு இடைவெளியை வெட்டுவதற்கு முன் அளந்து சுவரில் சாக்பீஸால் எழுதினேன். ஒவ்வொரு தகடு ஒட்டியதும் திரும்ப அளந்தேன். புதுத் தகடுகள் விட்னி என்ற ஊரில் கிடைக்கின்றன. அன்று பயன்படுத்திய அதே அச்சுகளில் இன்றும் அடிக்கிறார்கள். ஒரு குளிருக்கு ஒரு பக்கம்தான் முடிந்தது. இரண்டாவது பக்கம் முடிந்த அன்று கதவைச் சாத்தினேன். 'டக்' என்று ஒரே சத்தத்தில் உட்கார்ந்தது. பத்துத் தடவையாவது திறந்து மூடியிருப்பேன். கடைசியில் சில்லுக்குள் மெழுகை உருக்கிப் பீய்ச்சி அடைத்துவிட்டேன். இனி தண்ணீருக்கு அங்கே வேலை இல்லை.

ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மொத்த வண்டியையும் ஒரேயடியாகப் பிரித்துப்போட மாட்டேன். அப்படிப் பிரித்துவிட்டுச் சேர்க்க முடியாமல் அட்டைப்பெட்டிகளில் விற்கிறவர்களை இங்கே பார்க்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு வேலை, அது முடிந்தால் ஓட்டம், அப்புறம்தான் அடுத்தது. சீட்டுத் தோல் வெடித்திருக்கிறது, ஸ்டீயரிங்கில் கை வைக்கும் இடம் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. அவற்றை அப்படியே விட்டிருக்கிறேன். அது ஐம்பது வருஷக் கை பட்ட இடம்.

போன குளிரில் எஞ்சின் ஹெட்டைக் கழற்றினேன். மேட்டில் இழுவை குறைந்திருந்தது. சிலிண்டருக்குள் அழுத்தம், அதாவது கம்ப்ரஷன் பார்த்தால் மற்ற மூன்றிலும் 150க்குப் பக்கம், மூன்றாவது சிலிண்டரில் மட்டும் 105. கழற்றிப் பார்த்தபோது எக்ஸாஸ்ட் வால்வின் ஓரத்தில் நகம் வெட்டின மாதிரி ஒரு துண்டு எரிந்து போயிருந்தது. காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கும். அது வால்வுக்கும் அது மூடும்போது உட்காரும் சீட்டுக்கும் நடுவே மெத்தை மாதிரி. இங்கே 1999 முடிவோடு அதன் பொது விற்பனையை நிறுத்திவிட்டார்கள். ஈயம் இல்லாத பெட்ரோலில் ஓட ஓட வார்ப்பிரும்புச் சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும். டேப்பட் இடைவெளி அடைந்துகொண்டே வரும். வால்வு முழுசாக மூடாமல் எரியும். லேத் பட்டறையில் கொடுத்துக் கடினமான சீட்டுகளைப் பதித்து வாங்கினேன். இப்போது ஈயம் இல்லாவிட்டாலும் கவலை இல்லை.

கழற்றும்போது, வால்வைத் திறக்கத் தள்ளும் புஷ் ராடுகளை ஓர் அட்டையில் ஓட்டை போட்டு ஒன்று முதல் எட்டு வரை வரிசையாகக் குத்திவைத்தேன். யாரும் எனக்குச் சொல்லவில்லை. கை தானாகச் செய்தது. செய்து முடித்து அட்டையைப் பார்த்தபோதுதான், நம் வீட்டுத் திண்ணையில் அப்படி ஓர் அட்டை இருந்தது ஞாபகம் வந்தது.

கிளம்பும்போது பெட்டியில் வைத்தீர்களே, ஸ்பேனர் செட், அதில்தான் பாதி வேலை நடக்கிறது. இந்த வண்டிக்கு மில்லிமீட்டர் ஸ்பேனர் சேராது. 7/16, 1/2, 9/16 என்று எல்லாம் இஞ்ச் கணக்கு. 1/2 இஞ்ச் ஸ்பேனரில் உங்கள் எழுத்தைப் பொறித்திருக்கிறீர்கள், அது இன்னும் தெரிகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பொறிக்காகத் திறந்து மூடும் பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் போட்டுக்கொள் என்று பலர் சொல்கிறார்கள். நான் பாயின்ட்டையே வைத்திருக்கிறேன். 15 தௌ, அதாவது இஞ்சில் ஆயிரத்தில் 15 பங்கு கனமுள்ள ஃபீலர் கேஜை விட்டு இழுக்கும்போது லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும் என்று நீங்கள் கற்றுக்கொடுத்தது விரலில் இருக்கிறது.

கார்புரேட்டர் இதில் இரண்டு. இரண்டும் சம அளவு காற்றை இழுக்கவில்லை என்றால் எஞ்சின் நொண்டும். பக்கத்து வீட்டுத் தாத்தா ஒரு வழி காட்டினார். ஓர் அடி ரப்பர் குழாய். ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை முதல் கார்புரேட்டர் வாயில் காட்ட வேண்டும். 'உஸ்ஸ்' என்று ஒரு சீறல். அப்புறம் இரண்டாவது. அதன் சீறல் கொஞ்சம் தணிவாக இருந்தது. ஸ்க்ரூவைக் கால் திருகல் திருப்பிக் கேட்டேன், மறுபடி கால் திருகல். இரண்டும் ஒரே குரலில் சீறின இடத்தில் எஞ்சினின் நடுக்கம் அடங்கியது. ஃபெண்டர் மேல் வைத்திருந்த டீ டம்ளரில் அலை நின்றுவிட்டது. தாத்தா தலையை மட்டும் ஆட்டினார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தத் தெருவுக்கு வந்த முதல் இரண்டு வருஷம், "குட் மார்னிங்" தவிர யாரோடும் எனக்குப் பேச்சில்லை. கராஜ் கதவைத் திறந்து வைத்து வேலை செய்ய ஆரம்பித்த முதல் சனிக்கிழமையே அவர் வந்து நின்றார். எண்பது வயதுக்கு மேல். இளவயதில் இதே வண்டி வைத்திருந்தாராம். இப்போது குனிய முடியாது; ஸ்டூல் போட்டு உட்கார்ந்து லைட் பிடிக்கிறார். நான் உங்களுக்கு டார்ச் பிடித்த மாதிரி. அவர் வந்த பிறகு எதிர்வீட்டுக்காரர்கள், அவர்கள் பிள்ளைகள் என்று ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த மனிதர்களில் பாதிப்பேர் இந்த பானட் திறந்ததால் வந்தவர்கள்.

செலவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 40 வயது தாண்டிய வண்டிக்கு இங்கே ரோடு டாக்ஸ் கிடையாது, பணம் கட்டாவிட்டாலும் வருஷாவருஷம் அந்த டாக்ஸை மட்டும் புதுப்பிக்க வேண்டும். எம்.ஓ.டி.யும் கட்டாயமில்லை. ஆனாலும் நான் கொண்டுபோய்க் காட்டுகிறேன். பிரேக் விஷயத்தில் இன்னொரு கண் பார்ப்பது நல்லது. பிஸ்கட் டப்பாவில் என் பெயரிலும் மூன்று காகிதம் சேர்ந்துவிட்டது.

ஏப்ரல் கடைசியில் கூரையை மடக்கிவிட்டு ஆபிங்டன் வரை போய்வந்தேன். ஆலை இப்போது அங்கே இல்லை. ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு எஞ்சின் ஆறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிக், டிக் என்று தகரம் சுருங்குமே, அந்தச் சத்தம். ராத்திரி நீங்கள் சவாரி முடித்து வந்து வண்டியை நிறுத்தினதும் ஜன்னல் வழியாக வரும். அது கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும், அப்பா.

அடுத்து கிங் பின், முன் சக்கரம் திரும்பும் அச்சு. இடது பக்கச் சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டினால் லேசாக ஆட்டம் தெரிகிறது. பக்கத்துக்கு கிரீஸ் ஏற்றும் நிப்பிள் மூன்று, மூன்றிலும் கிரீஸ் அடிக்கிறேன். நடு நிப்பிளில் மட்டும் ஏறமாட்டேன் என்கிறது. ஜாக்கி போட்டுப் பாரத்தை எடுத்துவிட்டு அடித்துப் பார்த்துவிட்டேன், சூடு காட்டியும் பார்த்தேன். அடைத்த நிப்பிளுக்கு நீங்கள் ஏதோ ஒன்று செய்வீர்கள், டீசல் ஊற்றி ஊறவைத்தா, வேறு எப்படியா, சரியாக ஞாபகம் இல்லை. ஞாயிறு கூப்பிடுகிறேன். அம்மாவிடம் போனைக் கொடுப்பதற்கு முன்னால் அதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் அன்பு மகள்