மந்திரிமனை கேமும் களவெடுத்த படங்களும்

அன்பு மச்சான்,

உன் குரல்பதிவு கேட்டேன். அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது பெரிய ஆறுதல், நான் விசாரித்ததாக அவவிடம் சொல்லு. இங்கே எல்லோரும் சுகம், வெயில்தான் தாங்க முடியவில்லை.

பெடியள் செய்கிற சாகச கேமைப் பற்றிக் கேட்டிருந்தாய். பாதிவரை விளையாடிப் பார்த்தேன். கதை யாழ்ப்பாணம் நல்லூரில் உள்ள பழைய மாளிகையான மந்திரிமனையில் நடக்கிறது, கிணறு, நிலவறை, தொலைந்துபோன ஏடு என்று போகிறது, புதிர்களும் நன்றாக இருக்கின்றன. ஆனால் உள்ளறைகளுக்குள் போனால் கல்தூணும் தீப்பந்தமும் வெளிநாட்டுக் கோட்டை மாதிரி நிற்கின்றன. யாரோ செய்த பெரிய கேமில் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, மேலே நிறத்தை மாற்றி வைத்திருக்கிறார்கள். கேட்டால், "நாங்கள் சின்ன ஆக்கள் சேர், ஆர் வந்து பார்க்கப் போகினம்" என்கிறார்கள். எனக்குச் சரியான கவலை மச்சான், ஏனென்றால் இவர்கள் கெட்டிக்காரப் பிள்ளைகள்.

அவர்களுக்கு 'லிம்போ ஒஃப் த லொஸ்ட்' கேமுக்கு நடந்ததைச் சொன்னேன். இங்கிலாந்தில் ஒரு சின்னக் குழு 90களில் தொடங்கி, எத்தனையோ வருடம் இழுத்து முடித்த சாகச கேம் அது. நாயகன் மேரி செலஸ்ட் கப்பலின் கப்டன் பிரிக்ஸ், 1872இல் கப்பல் மட்டும் கடலில் மிதந்து கிடைக்க, மனைவி, பெண்குழந்தை, மாலுமிகளோடு காணாமற்போன அதே மனிதர். எவ்வளவு நல்ல கரு! 2008 ஜூனில் அமெரிக்காவில் வெளிவந்த உடனேயே, ஒரு விமர்சகர் அதன் மண்டபங்கள் 'ஒப்லிவியன்' என்ற வேறொரு கேமில் உள்ளவை என்று கண்டுபிடித்துவிட்டார். பிறகு ஆட்கள் தேடத் தேட 'தீஃப்', 'அன்ரியல் டோர்னமென்ட்' என்று மற்றக் கேம்களில் எடுத்ததும் வரிசையாக வெளியே வந்தது. வெளியீட்டாளர் விற்பனையை நிறுத்தினார். செய்தவர்களோ தங்களுக்கும் அதிர்ச்சி, எப்படி உள்ளே வந்தது என்று விசாரிக்கிறோம் என்று ஓர் அறிக்கை விட்டார்கள். அவ்வளவு வருட உழைப்பில் அவர்கள் உண்மையாகவே செய்ததை இன்று யாரும் பேசுவதில்லை, களவைத்தான் பேசுகிறார்கள்.

சண்டை கேம் என்றால் ஓடுகிற ஓட்டத்தில் சுவரைப் பார்க்க நேரமிராது. சாகச கேமில் ஆள் நின்று ஒவ்வொரு மூலையாகக் கிளிக் பண்ணித் தேடுகிறான், திறப்பு எங்கே, ஏடு எங்கே என்று. படத்தைப் பார்ப்பதுதான் அங்கே விளையாட்டே. அப்படியிருக்க, ஒருவன் மாதக்கணக்கில் ஒளியும் நிழலும் பார்த்து அமைத்த அறையை எடுத்துவைத்துவிட்டு நான் செய்தது என்றால், விளையாட்டின் பாதியை அவனிடமிருந்து எடுத்தது போலத்தானே?

சட்டமும் சும்மா இல்லை. எங்கள் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, வரைந்த உடனேயே பதிப்புரிமை வந்துவிடும், பதிவு தேவையில்லை, வரைந்தவர் இறந்து 70 வருடம்வரை இருக்கும். வரைய ஆளில்லை, காசில்லை என்பது உண்மைதான், அதற்கு வழி இருக்கிறது. உரிமையாளரே இலவசமாகப் பாவிக்க விட்ட படங்கள் இணையத்தில் தாராளமாகக் கிடக்கின்றன, நிபந்தனையை வாசித்து, கேட்டால் பெயரைப் போட்டால் சரி. ஆனால் மந்திரிமனை பருத்தித்துறை வீதியில் கண்முன்னே நிற்கும்போது ஐரோப்பியக் கோட்டை எதற்கு? அந்த முன்முகப்பு வளைவுகளையும் காரை உதிர்ந்த சுவரையும் போய் இருந்து வரையச் சொன்னேன். ஒருத்தி கொப்பியோடு போகத் தொடங்கிவிட்டாள், கை கொஞ்சம் முரடு, ஆனால் அவளுடைய கோடு.

அப்புறம், நீ முந்தி வந்தபோது மந்திரிமனைக்குள்ளே நிறையப் படம் எடுத்தாயே, அவை இன்னும் இருக்கிறதா? இருந்தால் பெரிய அளவிலேயே அனுப்பு, பார்த்து வரையக் கொடுக்கலாம். கூடவே, கேமுக்குப் பாவிக்கச் சம்மதம் என்று உன் பெயரோடு இரண்டு வரி எழுதிவிடு, பெடியள் அதை வாங்கி வைத்துப் பழகட்டும்.

அன்புடன்,
உன் மச்சான்